கம்ப்யூட்டர் பாடம்: பூஜ்யத்தையும் எண்ண வேண்டும்

நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய சி.பி.எஸ்.இ. பாடத்தில் 'எஸ்.க்யூ.எல்.' என்ற கேள்வி மொழி வருகிறது. அதில் 'ஜாயின்', 'குரூப் பை' என்ற இரண்டு இடங்களில் தடுமாறுகிறவர்கள் அதிகம். ரயில்வேயில் டிப்ளமா எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற நான், என் அக்கா பேத்தியின் புத்தகத்தைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டேன். நானும் அங்கேதான் தடுமாறினேன். ஆனால் பரீட்சையில் தடுமாறியிருந்தால் மதிப்பெண்ணோடு போயிருக்கும்.

2021 ஏப்ரல் மாதம். தில்லியில் கொரோனா இரண்டாம் அலை. ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்றது. அன்பர்கள் சிலர் சேர்ந்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் போன் செய்து விசாரிப்பது என்று முடிவு செய்தோம். கணக்கு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இரண்டு அட்டவணைகள் வைத்தேன். முதலாவது 'குடும்பம்': எண், பேட்டை. இரண்டாவது 'அழைப்பு': அழைப்பு எண், குடும்ப எண், தேதி. குடும்ப விவரத்தை ஒவ்வொரு அழைப்பிலும் திரும்ப எழுதாமல், ஓர் எண்ணால் இரண்டையும் இணைப்பதுதான் முறை. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்கு அடித்தளம்.

மூன்று குடும்பங்களை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 11 ஆர்.கே.புரம், 12 மயூர் விஹார், 13 ஜனக்புரி. 11-க்கு மூன்று அழைப்புகள் போயிருக்கின்றன. 12-க்கு ஒன்று. 13-க்கு ஒன்றும் இல்லை.

இரண்டு அட்டவணைகளையும் 'ஜாயின்' செய்தால், எண் பொருந்தும் வரிகள் ஒன்று சேரும். நான்கு வரிகள் கிடைக்கும். 'குரூப் பை குடும்ப எண்' என்றால், ஒரே எண்ணுள்ள வரிகள் ஒரு கட்டாகக் கட்டப்படும். 'கவுண்ட்' ஒவ்வொரு கட்டிலும் எத்தனை வரி என்று எண்ணும். விடை: 11-க்கு 3, 12-க்கு 1.

குறைவாக அழைக்கப்பட்டவர்களுக்கு முதலில் பேசுங்கள் என்று இப்படி ஒரு பட்டியலை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் எல்லோருக்கும் குறைந்தது ஓர் அழைப்பாவது இருந்தது. யாரும் விடுபடவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் ஜனக்புரியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி எனக்குப் போன் செய்தார். "தம்பி, எல்லாரையும் விசாரிக்கிறீங்களாமே. எனக்கு நாலு நாளா ஜுரம். என் பேரு உங்க லிஸ்ட்டுல இல்லையா?"

பேர் குடும்ப அட்டவணையில் இருந்தது. நான் அனுப்பிய பட்டியலில் இல்லை. அழைப்பு இல்லாததால் பொருந்த வரி இல்லை; வரி இல்லாததால் கட்டும் இல்லை. யாரைக் கண்டுபிடிக்கப் பட்டியல் போட்டேனோ அவரையே அது மறைத்துவிட்டது. நல்லவேளை, டாக்டரிடம் போனில் பேசி மருந்து வாங்கிக் கொடுத்தோம், பாட்டி தேறிவிட்டார்.

என்னைப் போன்ற ரயில்காரனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 72 படுக்கை உள்ள ஸ்லீப்பர் பெட்டியில் எது காலி என்று அறிய, பயணிகளின் பெயர்களை மட்டும் படித்தால் போதாது. காலிப் படுக்கைக்குப் பெயர் ஏது? 1 முதல் 72 வரை ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து, இதில் யார் என்று கேட்க வேண்டும். புதுதில்லியில் 1985-ல் கம்ப்யூட்டர் முன்பதிவு வருவதற்கு முன், தடித்த ரிஜிஸ்டர் காலத்திலும் இதுதான் வழி.

எஸ்.க்யூ.எல்.லில் இப்படிப் பார்ப்பதற்கு 'லெஃப்ட் ஜாயின்' என்று பெயர். இடது பக்க அட்டவணையின் வரிகள், ஜோடி இல்லாவிட்டாலும் நிற்கும். கட்டளையைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

செலக்ட் குடும்பம்.எண், கவுண்ட்(அழைப்பு.எண்)
ஃப்ரம் குடும்பம் லெஃப்ட் ஜாயின் அழைப்பு
ஆன் அழைப்பு.குடும்ப_எண் = குடும்பம்.எண்
குரூப் பை குடும்பம்.எண்

விடை: 3, 1, 0. அடைப்புக்குள் அழைப்பு எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் 3, 1, 1 என்று வரும். நட்சத்திரம் வரியை எண்ணுகிறது. ஜோடி இல்லாத 13-க்கும் ஒரு வரி உண்டு. அழைப்பு எண்ணைக் கொடுத்தால், வெற்றிடத்தை விட்டுவிட்டு எண்ணும்.

இன்னொரு குழி. 'உறுப்பினர்' என்று மூன்றாவது அட்டவணையையும் சேர்த்தேன். 11-ல் நான்கு பேர். ஒவ்வோர் அழைப்பும் ஒவ்வோர் ஆளோடும் ஜோடி சேர்ந்ததால், மூன்று அழைப்புகள் பன்னிரண்டாகிவிட்டன! நான்கு பேர் போகும் ஒரே டிக்கெட்டை நான்கு டிக்கெட் என்று எண்ணுவது போன்றது இது. 'கவுண்ட்' அடைப்புக்குள் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால், ஓர் அழைப்பு எண் ஒரு தடவைதான் எண்ணப்படும். மறுபடி 3 வரும். அதைவிடப் பத்திரமான வழி, அழைப்பைத் தனியாகவும் ஆட்களைத் தனியாகவும் எண்ணிவிட்டு, பிறகு குடும்பத்தோடு இணைப்பது.

கணக்கை நம்புவதற்கு முன் இப்போது நான் ஒரு சோதனை செய்கிறேன். குடும்ப அட்டவணையில் எத்தனை வரி? விடையில் எத்தனை வரி? இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பட்டியலை யாருக்கும் அனுப்புவதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. மேலே உள்ள கட்டளையில் 'மே முதல் தேதிக்குப் பிந்தைய அழைப்பு மட்டும்' என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். அதை 'வேர்' என்று தனியே போட்டால் 13 மறுபடி காணாமல் போகும். 'ஆன்' வரியிலேயே 'அண்டு' போட்டுச் சேர்த்தால் நிற்கும். காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: 13-க்கு எதிரே தேதி இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது?