தலை மாறினால் ஆள் மாறும்

கந்தசஷ்டி நாளில் சூரன்போர் பார்க்கும் நம் பிள்ளைகள் எதற்கு ஆரவாரிக்கிறார்கள்? சூரனின் தலை மாறும்போதுதான். யானைமுகம் கழன்று சிங்கமுகம் ஏறும். அதன் பின் சூரபத்மனின் சொந்த முகம். உடல் அதே மரச்சிற்பம். ஆனால் "மரத்தலையைக் கழற்றினார்கள்" என்று எவரும் சொல்வதில்லை. "தாரகன் விழுந்தான்" என்றே சொல்கிறோம்.

அதே பிள்ளைகள் லண்டனில் பிரித்தானிய நூதனசாலையிலோ, ஃபொரஸ்ட் ஹில்லில் உள்ள ஹோர்னிமன் நூதனசாலையிலோ ஆபிரிக்க முகமூடியைக் கண்டால் "பேய்முகம்" என்று சிரிக்கிறார்கள். பெற்றோராகிய நாமும் திருத்துவதில்லை. நம் தெய்வ உருவங்களைக் கண்ட ஐரோப்பியப் பயணிகளும் ஒரு காலத்தில் பேய் என்றே எழுதிவைத்தார்கள்.

மேற்கு ஆபிரிக்காவில் சியரா லியோன் நாட்டு மெண்டே மக்களிடையே 'சாண்டே' என்றொரு பெண்கள் சங்கம் உண்டு. பருவமடையும் பெண்பிள்ளைகளைப் பெரியவர்களாக்கும் பொறுப்பு அதனுடையது. நம் சாமத்தியச் சடங்கை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். (பெண்ணுறுப்பை வெட்டும் வழக்கமும் அச்சடங்கில் சேர்ந்துள்ளது. அதை நாம் ஏற்கவில்லை. பிரித்தானியாவில் 1985 முதல் அது குற்றம்.) சங்கத்தின் காவல் தெய்வசக்தி ஊருக்குள் வருவது 'சோவெய்' என்னும் முகமூடியில். செதுக்குபவர் ஆண், அணிந்து ஆடுபவர் பெண். ஆபிரிக்காவில் முகமூடி அணிவது பெரும்பாலும் ஆண்களின் உரிமை என்பதால் இது அரிய வழக்கம்.

மினுங்கும் கறுப்பு மரம். உயர்ந்த நெற்றி, நுணுக்கமாகப் பின்னிய கூந்தல், தாழ்ந்த கண்கள், மூடிய சிறுவாய், கழுத்தில் மடிப்புகள். வாய் சிறிதாக இருப்பது வீண்பேச்சு கூடாது என்பதற்காம்! ஆடுபவர் பேசுவதில்லை. தலைக்கவசம் போல அது தலை முழுவதையும் மூடும். கீழே கறுத்த நாருடை கை, கால் எதையும் காட்டாது. அப்போது அவரை இன்னார் மகள் என்று அழைப்பதில்லை, வந்திருப்பது சோவெய்.

மாலி நாட்டுப் பமானா உழவர்களின் 'சிவாரா' வேறு விதம். மான் வடிவில் தலைமேல் ஏறும் முடி அது. ஆணும் பெண்ணுமாய்ச் சோடியாக ஆடும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பறையில்லை, ஆட்டமில்லை, உடையுமில்லை. சூரனின் தலையை மட்டும் அலுமாரியில் வைத்தது போல. அடுத்தமுறை பிள்ளைகளுடன் போகும்போது, ஒரு சோவெய் முகமூடி கண்ணில் பட்டால் அதன் கீழ்விளிம்பைக் காட்டுங்கள். சுற்றிவரத் துளைகள் இருக்கும். நாருடையைக் கட்டிய இடம் அது.