உறங்கும் வளர்ப்புப் பாம்பு ஏன் துடிக்கிறது? – முக்கியக் குறிப்புகள்

(குரூப் 1, குரூப் 2, குடிமைப்பணித் தேர்வர்களுக்கு. விலங்கியல், சுற்றுச்சூழல், நடப்பு நிகழ்வுகள் மூன்றுக்கும் உதவும்.)

கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு சுருண்டு கிடக்கிறது. தலை சுருளுக்குள்ளே, நாக்கு வெளியே வரவில்லை. திடீரென்று நடு உடலில் ஒரு மடிப்பு மட்டும் செதிலுக்கடியில் சுண்டி அடங்குகிறது. வால் நுனி ஒருமுறை வெட்டுகிறது. பிறகு அசைவே இல்லை. பார்த்தவர்கள் உடனே சொல்வது, “கனவு காண்கிறது” என்பதுதான். தேர்வில் அந்த விடை பெரும்பாலும் பொறி. துடிப்பு பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும் உறக்கம், அடைகாத்தல், மரபணு, வைரஸ், வைட்டமின் குறைவு, பூச்சிமருந்து என்று காரணம் எங்கிருந்தும் வரலாம். எந்தப் பாம்பு, எந்த நிலையில், வேறு என்ன அறிகுறியோடு துடிக்கிறது என்று பார்த்த பிறகே விடையைத் தொட வேண்டும்.

உறங்குகிறதா, விழித்திருக்கிறதா?

• பாம்புக்கு அசையும் இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். சட்டை உரிக்கும்போது அந்தக் கண்செதிலும் சேர்ந்தே கழன்று வரும். ஆகவே திறந்த கண்ணோடுதான் பாம்பு உறங்குகிறது. “கண் திறந்திருக்கிறது, எனவே விழித்திருக்கிறது” என்ற கூற்று தவறு.

• நாக்கு நீட்டாமை, மெதுவான மூச்சு, தலையைச் சாய்த்துக் கிடத்தல் ஆகியவை உறக்கத்தின் அடையாளங்கள். நாக்கு நீட்டுவது காற்றிலுள்ள வேதித் துகள்களை எடுத்து மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோவதற்காக. உறங்கும் பாம்புக்கு அந்த வேலை இல்லை.

• சட்டை உரிக்கும் முன் கண் பால்போல் வெளிறும். பார்வை மங்கிய அந்த நாட்களில் பாம்பு சிறு தொடுதலுக்கும் துள்ளும். அது உறக்கத் துடிப்பு அன்று.

• புறச்செவியும் செவிப்பறையும் இல்லை. ஆனால் அகச்செவி உண்டு. தரை அதிர்வு கீழ்த்தாடை வழியாக அகச்செவியை எட்டும். பெட்டி வைத்திருக்கும் மேசையைத் தட்டினாலே உறங்கும் பாம்பு சிலிர்ப்பதற்குக் காரணம் இதுதான். அகச்செவியை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

கனவு என்ற விடை எங்கிருந்து வந்தது?

• 1953: சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளெய்ட்மன் இருவரும் மனிதரிடம் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தை (ஆர்.இ.எம். உறக்கம்) கண்டறிந்து வெளியிட்டனர்.

• 1959: பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளை ஆராய்ந்து அதற்கு ‘முரண் உறக்கம்’ என்று பெயர் வைத்தார். மூளை விழித்த நிலைபோல் இயங்கும். உடல் தசையோ தளர்ந்து கிடக்கும். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதி தசையைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டையும் மீறி வரும் சிறு சுண்டல்களைத்தான் உறங்கும் நாயின் காலிலும் பூனையின் மீசையிலும் பார்க்கிறோம்.

• பாலூட்டிகள், பறவைகளுக்கு மட்டுமே இந்த உறக்கம் உண்டு என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2016இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரான் குழு ஆஸ்திரேலியத் தாடி ஓணானின் (பொகோனா விட்டிசெப்ஸ்) மூளையில் மின்முனை பொருத்திப் பதிவு செய்தது. மெதுவலை உறக்கமும் ஆர்.இ.எம். உறக்கமும் மாறி மாறி வந்தன. ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 80 வினாடி. ஓர் இரவில் 350 சுழற்சி வரை. மனிதருக்கு ஒரு சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம், ஓர் இரவில் நான்கைந்து சுழற்சிகள்.

• ஊர்வனவும் பாலூட்டிகளும் பிரிந்தது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. இந்த உறக்கமுறை அந்தப் பொது மூதாதையிடமே தொடங்கியிருக்கலாம் என்பது குழுவின் கருத்து. ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கூற்று–காரணம் வகை வினாவில் அந்த ஒரு சொல்லால் மதிப்பெண் போகும்.

• அந்த ஆய்வு ஓணானில் நடந்தது. அதை அப்படியே பாம்புக்கு ஏற்றி, “பாம்பு கனவு காண்பது 2016இல் நிரூபிக்கப்பட்டது” என்று எழுதினால் இரண்டு தவறு: ஆய்வுக்கு எடுத்த உயிரி பாம்பு அன்று, பதிவானது மூளையின் மின் அலை, கனவு அன்று.

துடிப்பே வேலையாக இருக்கும்போது

அதிகம் பேர் தவறவிடும் பகுதி இது. நான் வினாத்தாள் தயாரித்தால் முதல் கேள்வியை இங்கிருந்துதான் எடுப்பேன்.

• இந்திய மலைப்பாம்பு (பைத்தான் மொலூரஸ்), பர்மிய மலைப்பாம்பு (பைத்தான் பைவிட்டேட்டஸ்) ஆகியவற்றின் பெண், முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, உடல் தசைகளைச் சீராகச் சுண்டிச் சுண்டி வெப்பம் உண்டாக்கும். பார்ப்பவருக்கு விக்கல் போலத் தோன்றும். வெளியே குளிர் கூடினால் சுண்டலின் வேகமும் கூடும். சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி செல்சியஸ் கூடுதலாக, 30 முதல் 33 டிகிரிக்குள் முட்டைகளை வைத்திருக்கும். ஏறத்தாழ இரண்டு மாத அடைகாப்பில் தாய் இரை எடுப்பதில்லை.

• இந்தியாவில் இதைப் பார்த்த பிரெஞ்சுப் பயணி லமார்–பிக்கோ 1830களில் பாரிசில் அறிவித்தபோது அறிஞர்கள் நம்பவில்லை. பாம்பாவது, சூடாவது என்ற எண்ணம்தான். 1841இல் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் விலங்குக் காட்சியகத்தில் அடைகாத்த பெண் பாம்பின் சுருளுக்குள் வெப்பமானியை வைத்து விலங்கியலாளர் வாலென்சியன் அளந்த பிறகே வாதம் திசை திரும்பியது. 1966இல் ஹட்சிசன், டவ்லிங், வினிகர் மூவரும் நியூயார்க் விலங்குக் காட்சிச் சாலையின் பாம்பில் ஆக்சிஜன் செலவையும் சேர்த்து அளந்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அதன் தலைப்பில் இந்திய மலைப்பாம்பு என்றிருக்கும். ஆராய்ந்தது இன்று பர்மிய மலைப்பாம்பு எனப்படுவது. அப்போது அது இந்திய மலைப்பாம்பின் துணையினம்.

• “ஊர்வன அனைத்தும் எப்போதும் வெளிவெப்பத்தையே நம்பியுள்ளன” என்பது இதனால் தவறான கூற்று. ‘அனைத்தும்’, ‘எப்போதும்’ இரண்டும் சேர்ந்து வந்தால் உஷார்.

• இரை விழுங்கிய பாம்பின் உடலிலும் அசைவு தெரியும். பர்மிய மலைப்பாம்பின் இதயம் பெரிய இரைக்குப் பின் இரண்டு மூன்று நாட்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பருக்கும். செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். உடலின் முன்பகுதியில் வயிற்றுப்புறச் செதில்கள் ஒரே சீராக எழுந்து தாழ்ந்தால் அது இதயத் துடிப்பு.

ஸ்பைடர்: அழகுக்குக் கொடுத்த விலை

• பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்பின் அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருளும். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் செல்லப்பிராணி.

• வளர்ப்போர் உருவாக்கிய நிற வகைகளை ‘மார்ஃப்’ என்பார்கள். அவற்றில் ‘ஸ்பைடர்’ வகைக்கு உடலெங்கும் சிலந்தி வலை போன்ற மெல்லிய கருங்கோடுகள். ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்.

• அந்தக் கோலத்தோடு ஒட்டி வருவது தலையாட்டம். வளர்ப்போர் ‘வாபிள்’ என்பர். இரையை நோக்கிப் பாயும்போது தலை ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு போகும்; குறி தப்பி, இரையைப் பிடித்திருக்கும் இடுக்கியைக் கடிக்கும்; சில பாம்புகள் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும். பதற்றம் கூடினால் ஆட்டமும் கூடும். இந்த வகைப் பாம்பு தலையை ஆட்டினால் மரபுவழிக் கோளாறு என்பதே முதல் விடை.

• 2022இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு, ஸ்பைடர் பாம்புகளின் அகச்செவியை நுண் சி.டி. ஸ்கேனில் பார்த்து, அரைவட்டக் குழல்களும் சாக்யூல் பையும் உருக்குலைந்திருப்பதைக் காட்டியது. சமநிலையைக் காக்கும் உறுப்பே கோணல். எனவே மருந்தால் மாறாது. அறிந்தே இந்த வகையைத் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வானம் பார்க்கும் பாம்பு

• உள்பொருள் நோய் (ஐ.பி.டி.): வளர்ப்பு போவா, மலைப்பாம்பு வகைகளில் 1970களிலிருந்து அறியப்பட்டது. செல்களுக்குள் புரதத் திரள்கள் உருவாகும், பெயர்க்காரணம் அதுதான்.

• அறிகுறிகள்: தலை நடுக்கம், தின்றதைக் கக்குதல், கழுத்தை வளைத்து முகத்தை மேல்நோக்கித் தூக்கியபடி அசையாமல் நிற்றல். கடைசியாகச் சொன்னதை ‘வானம் பார்த்தல்’ என்றே மருத்துவர்கள் குறிப்பிடுவர். பாம்பை மல்லாத்தினால் நலமானது உடனே புரண்டுவிடும். நோயுற்றது அப்படியே கிடக்கும், அல்லது பாதி புரண்டு நிற்கும்.

• 2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (சான் ஃபிரான்சிஸ்கோ) ஜோசப் டெரிசி ஆய்வகம் நோயுற்ற பாம்புகளில் அரினா வைரஸ்களைக் கண்டது. அதுவரை இந்தக் குடும்பம் பாலூட்டிகளில் மட்டுமே தெரிந்திருந்தது. லாசா காய்ச்சல் வைரஸ் இதே அரினாவிரிடே குடும்பம்; பாம்புக்கானது ரெப்டரினா வைரஸ் பேரினம். வேறு வேறு பேரினம் என்பதால் பாம்பு துடித்தால் வளர்ப்பவருக்கு லாசா வரும் என்று எழுதிவிடாதீர்கள்.

• 2017இல் வெளியான தொற்றுச் சோதனையில் பந்து மலைப்பாம்புகள் இரண்டு மாதத்துக்குள் கடும் நரம்புக் கோளாறுக்கு ஆளாயின. போவாக்கள் வைரஸைச் சுமந்தபடி வெளிக்குத் தெரியாமல் இருந்தன. ஒரே அறையில் இரண்டையும் வளர்ப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிகிச்சை இல்லை. பரப்புவதாகச் சந்தேகிக்கப்படுவது பாம்புச் சிற்றுண்ணி (ஓபியோநைசஸ் நேட்ரிசிஸ்).



உணவும் மருந்தும்

• மீன் தின்னும் கார்ட்டர் பாம்புக்குத் தங்கமீனையே நாள்தோறும் போட்டால் வலிப்பு வரும். தங்கமீனில் உள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ (தயமின்) சிதைத்துவிடுகிறது. மனிதருக்குப் பெரிபெரி தரும் அதே குறைபாடு. தயமின் ஊசி, இரை மாற்றம் இரண்டும் சேர்ந்தால் தேறும். துடிப்புக்கான காரணங்களில் நம்பிக்கை தருவது இதுதான்.

• உண்ணியை ஒழிக்கத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட், பெர்மெத்ரின் வகை மருந்துகள் அளவு மீறினால் பாம்புக்கும் நஞ்சு. முன்னது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியைத் தடுக்கும்; பின்னது நரம்பின் சோடியம் வாயில்களைத் திறந்தே வைக்கும். இரண்டிலும் தசை ஓயாமல் சுண்டும். பெட்டியில் மருந்தடித்த பிறகு தொடங்கிய துடிப்பு என்றால் உறக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

• அதிக வெப்பமும் நடுக்கம் தரும். வெப்பச் சீராக்கி கெட்டுப்போன பெட்டிதான் வழக்கமான இடம்.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு மடிப்பு சுண்டி அடங்கி, தொட்டால் விழித்து, நாக்கு நீட்டி, நேராக ஊர்ந்து, இரையும் எடுக்கும் பாம்பைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. துடிப்பு விழித்த பிறகும் தொடர்ந்தாலோ, புரள முடியாமல் கிடந்தாலோ, வாய் திறந்து மூச்சு விட்டாலோ உடனே ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். போகும் முன் துடிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது; மேசைமேல் வைத்ததும் பாம்பு சாதுவாகிவிடும்.

சட்டம்: இங்கிருந்தும் வினா உறுதி

• வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972. இந்திய மலைப்பாம்பு அட்டவணை 1இல் உள்ளது. பிடிப்பதும் சட்டப்படி வேட்டையே. எனவே நம் ஊர் மலைப்பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

• 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காயின. நான்காவது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்களுக்கானது.

• சைட்டிஸ்: 1973 வாஷிங்டனில் கையெழுத்து, 1975 நடைமுறை. இந்திய மலைப்பாம்பு பின்னிணைப்பு 1. பந்து மலைப்பாம்பு பின்னிணைப்பு 2.

• பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைக்குள் கட்டிய பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறை பலமுறை பறிமுதல் செய்துள்ளது. அப்படி வந்த பாம்பை வாங்குபவர் நோயையும் சேர்த்து வாங்கக்கூடும்.

• உயிருள்ள விலங்கினங்கள் (அறிக்கை மற்றும் பதிவு) விதிகள், 2024: பிப்ரவரி 28இல் அறிவிக்கப்பட்டன. அட்டவணை 4இல் உள்ள அயல்நாட்டு விலங்கை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாகப் பெறுபவர்களுக்கு 30 நாட்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர்.