முதல் கேண்டில் எப்பவுமே உயரம்தான்: ரிலேட்டிவ் வால்யூம் பாடம்

இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் சீசன்ல எண்ணூர்ல இருந்து ஒரு தம்பி வந்தார். வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 31,000. ஒரே வருஷத்துல இன்ட்ராடேல விட்டது 1,14,000. "எல்லாமே வால்யூம் பார்த்துதான் சார் எடுத்தேன்" என்றார். கான்ட்ராக்ட் நோட்டுகளைப் புரட்டினால், முக்கால்வாசி என்ட்ரி காலை 9:15-க்கும் 9:25-க்கும் நடுவில்.

இவர் மட்டும் இல்லை. 2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வுப்படி, 2022-23-ல் ஷேர்ல இன்ட்ராடே பண்ண தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டம். 30 வயசுக்குக் கீழே பார்த்தால் 76 சதவீதம்.

தம்பி வால்யூம் பார்த்தது தப்பில்லை. எதோட ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதில்தான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டுக்குப் போயிருக்கீங்களா? கால் வைக்க இடம் இருக்காது. அதைப் பார்த்துட்டு "இன்னிக்கு ஏதோ விசேஷம்" என்று சொன்னால் ராயபுரத்துக்காரங்க சிரிப்பாங்க. அது வழக்கமான ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அதே கூட்டம் இருந்தால்தான் என்னன்னு விசாரிக்கணும்.

மார்க்கெட்டும் அப்படித்தான். ராத்திரி முழுக்கச் சேர்ந்த செய்தி, ஆர்டர் எல்லாம் 9:15-க்குக் கொட்டும். மதியம் வால்யூம் தொய்யும். 2:30-க்கு மேல், இன்ட்ராடே பொசிஷனை முடிக்கிறவங்களால மறுபடி ஏறும். அதனால முதல் 5 நிமிஷ கேண்டிலின் வால்யூம் தினமும் உயரமாத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு ஸ்டாக். கடந்த 20 நாளில் 9:15 முதல் 9:20 வரை சராசரி வால்யூம் 5 லட்சம். இன்னைக்கு 4.5 லட்சம். வகுத்தால் 0.9. பார்க்க மலை மாதிரி இருக்கு, உண்மையில் வழக்கத்தை விடக் கம்மி. அதே ஸ்டாக்கில் மதியம் 1:10-க்கு 5 நிமிஷ சராசரி 50,000; இன்னைக்கு 2.5 லட்சம். விகிதம் 5. சார்ட்டில் இந்த பார் காலை பாரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உயரம், யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆனால் அன்னைக்கு நிஜமான கதை அங்கதான் இருக்கு. ரிலேட்டிவ் வால்யூம் என்பது இந்த விகிதம்தான்: இன்றைய வால்யூம், வகுத்தல் அதே நேரத்தின் சராசரி.

'அதே நேரத்தின்' என்ற வார்த்தையை விட்டுடாதீங்க. சில ஸ்க்ரீனர்கள் இதுவரை நடந்த வால்யூமை முழு நாள் சராசரியோட வகுக்கும். மேலே சொன்ன ஸ்டாக்கின் முழு நாள் சராசரி 60 லட்சம்னு வெச்சுக்கோங்க. 10 மணிக்கு 24 லட்சம் ஆகியிருந்தால் அது 0.4 என்று காட்டும். ஆனால் வழக்கமா 10 மணிக்கு 16 லட்சம்தான் ஆகியிருக்கும்னா, உண்மையான விகிதம் 1.5. டிரேடிங்வியூவில் 'ரிலேட்டிவ் வால்யூம் அட் டைம்' என்ற இண்டிகேட்டர் ரெடியாகவே இருக்கு, அதைப் போடுங்க.

இந்த விகிதத்தால் இன்னொரு லாபம், இரண்டு ஸ்டாக்கை ஒரே தராசில் வைக்கலாம். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்ஆர்எஃப்-க்கு மொத்தமே சுமார் 42 லட்சம் ஷேர்தான். எண்ணூர் அசோக் லேலண்டுக்கோ 2025 போனஸுக்கு முன்னாடியே 290 கோடிக்கு மேல். ஷேர் எண்ணிக்கையை வெச்சு இவங்க இரண்டு பேரையும் எப்படி ஒப்பிடுவீங்க?

போனஸ்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் லேலண்ட் 1-க்கு 1 போனஸ் கொடுத்தது, ஷேர் எண்ணிக்கை இரட்டிப்பு. பழைய வால்யூமைத் திருத்தாமல் சராசரி போட்டால் விகிதம் சும்மாவே இரண்டு மடங்கு காட்டும். தீபாவளி முகூர்த்த டிரேடிங் மாதிரி ஒரு மணி நேர செஷனையும் கணக்கில் சேர்க்காதீங்க. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களையும் சேர்த்து காசிமேட்டுக்குச் சராசரி போட்ட கதையாயிடும்.

விகிதம் 5 வந்துட்டா வாங்கிடலாமா? அது கூட்டம் சேர்ந்திருக்குன்னு மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கம் போகும்னு சொல்லாது. வால்யூம் 5 மடங்கு, ஆனா விலை ஏறாம நிக்குதுன்னா, யாரோ பெருசா வித்துக்கிட்டு இருக்காங்கன்னு நான் சந்தேகப்படுவேன். என் வரைக்கும் இது டிரேடைத் தள்ளுறதுக்கான கருவி. விகிதம் 1-க்குக் கீழே இருக்கிற பிரேக்அவுட்டைத் தொடவே மாட்டேன்.

தம்பி கடைசியா கேட்டது, "இந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிச்சுக்கலாமா சார்?" முடியாது. ஷேர் இன்ட்ராடே என்பது ஸ்பெகுலேஷன் பிசினஸ். அந்த நஷ்டத்தை ஸ்பெகுலேஷன் லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், 4 வருஷத்துக்குள்ள. அதுக்கும் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்கணும். ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-3.

அவருக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் உங்களுக்கும். பணம் போடாமல் 20 நாள், ஒரே ஒரு ஸ்டாக், 9:20, 10:00, 1:10, 2:45 மணிக்கு விகிதத்தையும் விலையையும் நோட்டில் எழுதுங்க. பக்கத்திலேயே அரை மணி கழிச்சு விலை என்ன ஆச்சுன்னும் எழுதுங்க. தம்பி இப்போ பதினோராவது நாளில் இருக்கார்.