சுவரில் பூஞ்சணம், பிள்ளைக்கு மூச்சிரைப்பு: பில்டர் பொறுப்பா?

கேள்வி: 2023 ஜூனில் புது ஃபிளாட்டின் சாவி வாங்கினோம். மழைக்காலம் வந்தாலே படுக்கையறைச் சுவர் ஓதம் காத்து, மர அலமாரியின் பின்பலகை கருகருவென்று பூத்துவிடுகிறது. ஐந்து வயது மகனுக்கு இரவெல்லாம் இருமல், மூச்சிரைப்பு. பில்டரோ, "வாரண்டி ஒரு வருஷம்தான், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார். வழக்குப் போடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: போடலாம். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் சட்டம் தரும் கெடு அதைவிடப் பெரியது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 (ரெரா), பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்; தவறினால் இழப்பீடு தர வேண்டும். உங்களுக்கு 2028 ஜூன் வரை நேரம் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னது செல்லாக்காசு. ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்), மின்னஞ்சலிலும் புகாரை அனுப்புங்கள்.

வழக்கின் உயிர்நாடி பூஞ்சணம் அல்ல, தண்ணீர் வந்த வழி. வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரக் கசிவு, சுவருக்குள் புதைத்த குழாய் என்றால் பொறுப்பு பில்டருடையது. மேல்வீட்டுக்காரர் குளியலறையை இடித்துக் கட்டியதால் கசிகிறது என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். காற்றோட்டமில்லாமல் ஈரம் தங்கியது என்று நிரூபித்துவிட்டால் பில்டர் தப்பித்துவிடுவார். எனவே மழை நாளிலேயே ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்து, காரணத்தைக் குறிப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். சுவரில் வெள்ளையாக மாவுபோல் உதிர்ந்து தண்ணீரில் கரைவது பூஞ்சணமல்ல, உப்பு. சுவருக்குள் ஈரம் ஊறியதற்கு அதுவும் சாட்சி. அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. ஆனால் இந்தச் சுவரால்தான் இந்தக் குழந்தைக்கு வந்தது என்று நிறுவுவது கடினம். தூசு, பரம்பரை என்று எதிர்த்தரப்பு அடுக்கும். ஆகவே வழக்கைச் சுவரின் மேல் நிறுத்துங்கள். மருத்துவ ஆவணங்கள் இழப்பீட்டுத் தொகைக்கு வலு சேர்க்கட்டும். தாத்தா வீட்டில் தங்கும்போது இருமல் தணிகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பு வரும்வரை மகன் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

சரிசெய்து தரக் கோரும் மனு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு; இழப்பீட்டுக்கு அங்குள்ள தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் தனி மனு. கட்டடம் ரெராவில் பதிவாகாதது என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே காலவரம்பு 2 ஆண்டுகள்தான், தள்ளிப்போடாதீர்கள்.

நோட்டீஸ் போனதும் பில்டர் ஆள் அனுப்பி, பட்டி பூசி பெயின்ட் அடித்துவிட்டு, "வேலை திருப்தி" என்று கையெழுத்துக் கேட்பது வழக்கம். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.