இரு கை தட்டினால்தான் ஓசை

நுழையும்முன்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது பழமொழி. கருவிகளின் நட்புக்கும் இது பொருந்தும். கம்பியின்றி இரு கருவிகளை இணைக்கும் புளூடூத் சில வேளைகளில் ஏன் இயங்க மறுக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் பழைய திறன்பேசியிலிருந்து படங்களையும் உறவினர்களின் தொலைபேசி எண்களையும் மேசைக்கணினிக்கு மாற்ற விரும்பினாள். திறன்பேசியின் மின்னேற்றும் துளை பழுதாகியிருந்தது. எனவே, கம்பியால் இணைக்கவும் முடியவில்லை, மின்னேற்றவும் முடியவில்லை. கடையில் கொடுத்தால் படங்கள் அழிந்துவிடுமோ என்று பாட்டி அஞ்சினார். எஞ்சியிருந்த மின்னாற்றல் 22 விழுக்காடு மட்டுமே. புளூடூத் ஒன்றே வழி.

கணினியின் திரையில் திறன்பேசியின் பெயர் தெரிந்தது. ஆயினும் இணைப்பு ஏற்படவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றாள், மின்னாற்றல்தான் குறைந்தது. அவள் கையை எடுத்துவிட்டுச் சிந்திக்கத் தொடங்கினாள்.

முதலில் அலையைப் பற்றி எண்ணினாள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் நுண்ணலை அடுப்பும் அதே வரிசையைப் பயன்படுத்துவதால் அங்கே நெரிசல் மிகுதி. மேசைக்கணினிகள் பலவற்றில் புளூடூத் உள்ளேயே அமைந்திருப்பதில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியே அப்பணியைச் செய்கிறது. அக்கருவி கணினியின் பின்புறம் இருந்தது. உலோகப் பெட்டி அலையைத் தடுக்கும் என்பதால், அதை முன்புறத் துளைக்கு மாற்றினாள். திறன்பேசியையும் அருகில் வைத்தாள். அப்போதும் பயனில்லை.

அடுத்து இணைசேர்த்தலைப் பற்றி எண்ணினாள். இரு கருவிகள் முதன்முறை இணையும்போது இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றே எனக் கண்டு ஒப்புதல் அளித்ததும், இரகசியத் திறவுகோல் ஒன்று உருவாகி இரண்டிலும் பதிவாகும். அடுத்தமுறை அதைக் கொண்டே அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

சென்ற மாதம் கணினியில் இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டது அவள் நினைவுக்கு வந்தது. கணினி தன் திறவுகோலை இழந்துவிட்டது. திறன்பேசியோ பழையதையே வைத்திருந்தது. ஒன்று மறந்தது, மற்றொன்று மறக்கவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

“இணைப்பை நீக்கினால் படங்கள் போய்விடாதா?” என்று பாட்டி கவலையுடன் கேட்டார்.

“போகாது பாட்டி. அறிமுகம் மட்டுமே அழியும், படங்கள் அப்படியே இருக்கும்” என்றாள் அவள்.

இரு பட்டியல்களிலும் பழைய பெயரை நீக்கினாள். இரண்டையும் அணைத்து மீண்டும் இயக்கிப் புதிதாக இணைத்தாள். எண்களை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்ட பின்னரே ஒப்புதல் அளித்தாள். ஒப்பிடாமல் அழுத்தினால் அயலார் கருவிக்கு வழி திறந்துவிடக்கூடும். பின்னர்க் கணினியில் கோப்பைப் பெறும் சாளரத்தைத் திறந்து வைத்தாள். அனுப்புபவர் ஆயத்தமாக இருந்தால் போதாது. பெறுபவரும் காத்திருக்க வேண்டும்.

மின்னாற்றல் 14 விழுக்காடு. புளூடூத்தின் வேகம் குறைவு. எல்லாப் படங்களையும் அனுப்ப நேரம் போதாது.

“எதை முதலில் அனுப்பட்டும் பாட்டி?”

“தாத்தாவுடன் எடுத்த கடைசிப் படத்தை அனுப்பு, கண்ணே.”

அப்படம் கணினித் திரையில் விரிந்தது. அடுத்து, தொலைபேசி எண்கள் ஒரே சிறு கோப்பாக வந்து சேர்ந்தன. திறன்பேசி அணையும்வரை படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

தெரிந்துகொள்வோம்

10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரே ‘புளூடூத்’. அவர் பெயரின் முதலெழுத்துகளாகிய இரண்டு பழைய ரூன் எழுத்துகள் இணைந்ததே இதன் சின்னம்.

சொல்லும் பொருளும்

விழுக்காடு – சதவீதம்
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
அயலார் – பிறர்
ஆயத்தம் – தயார்நிலை

பயிற்சி

1. புளூடூத் கருவியை மாணவி முன்புறத் துளைக்கு மாற்றியது ஏன்?
2. ‘ஒன்று மறந்தது, மற்றொன்று மறக்கவில்லை’ – விளக்குக.
3. பிரித்து எழுதுக: கம்பியின்றி, மின்னாற்றல்.
4. பாட்டியின் இடத்தில் நீ இருந்தால் எதை முதலில் அனுப்பச் சொல்வாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.