மரங்களின் வருகைப் பதிவேடு

உயர்நிலைப் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் பத்தாம் வகுப்பில் 60 மாணவர்கள், ஒன்பதில் 40, எட்டில் 10, ஏழிலும் ஆறிலும் எவருமில்லை. வாயிலில் நின்று பார்ப்பவருக்குப் பள்ளி நன்றாக நடப்பதாகவே தோன்றும். வருகைப் பதிவேட்டைப் புரட்டுபவருக்கோ, இனி எவரும் சேராவிட்டால் மூன்றாண்டுகளில் அது வெறுமையாகிவிடும் என்பது விளங்கும். காட்டிற்கும் இத்தகைய பதிவேடு உண்டு.

சீனாவின் வடபகுதியில், உள் மங்கோலியாவில், ஹுன்ஷன்டாக் என்னும் மணற்பரப்பு இருக்கிறது. அங்கு ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. அம்மணற்குன்றுகளில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை சைபீரிய எல்ம் மரங்கள். நம் நாட்டு ஆயா மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. எல்ம் மரத்தின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. நிழல் கால்நடைகளுக்கு உதவுகிறது.

சிறகின் வேலை

எல்ம் விதையைச் சுற்றிக் காகிதம் போன்ற வட்டமான சிறகு உண்டு. 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுவதற்கு ஏறத்தாழ 1.1 விநாடி ஆகும். காற்றின் தடையால் சிறகுள்ள விதை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். அதற்கு 6 விநாடி ஆகும். காற்றின் வேகம் விநாடிக்கு 5 மீட்டரானால், விதை 30 மீட்டர் தள்ளிப் போய் விழும்!

ஆனால் பயணம் முடிந்ததும் சோதனை தொடங்குகிறது. வசந்தத்தின் இறுதியில் உதிரும் இவ்விதையின் முளைக்கும் திறன் வெகு விரைவில் குறைந்துவிடும். எனவே அது அடுத்த ஆண்டு மழைக்குக் காத்திருக்க முடியாது. மணல் ஆழமாக மூடினால் முளை வெளிவராது. முளைத்த கன்றை வறட்சி வாட்டும்; தப்பியதை ஆடு மேயும்.

பதிவேட்டைப் படிப்பது எப்படி?

ஆய்வாளர்கள் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் விட்டத்தையும் அளக்கிறார்கள். கன்றுகளைத் தனியே எண்ணுகிறார்கள். பிறகு பருமன் வாரியாகப் பிரித்துச் செவ்வகப் படம் வரைகிறார்கள். கன்றுகளின் செவ்வகம் மிக உயரமாகவும், மற்றவை படிப்படியாகக் குட்டையாகவும் இருந்தால், இறக்கும் மரங்களின் இடத்தை நிரப்ப இளையவை இருக்கின்றன என்று பொருள். நடுவில் மட்டும் உயர்ந்து, கன்றுகளின் பக்கம் வெறுமையாக இருந்தால் அது மூப்படையும் காடு. எல்ம் நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகையால் அக்காடு நெடுங்காலம் செழிப்பாகவே காட்சியளிக்கும்!

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மெலிந்த மரமெல்லாம் இளைய மரமன்று; ஆடு கடித்துக் கடித்துக் குறுகிய கன்று பல ஆண்டு வயதுடையதாக இருக்கலாம். மேலும், வறண்ட நிலத்தில் எல்லா ஆண்டும் கன்றுகள் பிழைப்பதில்லை. படத்தில் ஒரு செவ்வகம் குறைந்திருந்தால், அது பழைய வறட்சியின் தழும்பாகவும் இருக்கலாம். காரணம் வறட்சியா, மேய்ச்சலா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு பகுதிக்கு வேலியிட்டு, வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள கன்றுகளைச் சில ஆண்டுகள் எண்ணி ஒப்பிட வேண்டும். மழை இரு பக்கமும் ஒன்றே; ஆடு மட்டுமே வேறுபாடு.

நீங்களும் முயலலாம். உங்கள் ஊரில் தானே முளைத்து வளரும் வேம்பு போன்ற ஓர் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றால் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். செவ்வகப் படம் வரையுங்கள். முதல் செவ்வகம் வெறுமையாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பெரிய மரங்கள் நிற்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.