ஒரே வாயில்

நள்ளிரவு. நெற்றியில் காயம், இடுப்பில் குழந்தை. ஒரு பெண் தன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். மணமானபின் தமிழகத்திலிருந்து வடமாநில நகர் ஒன்றிற்கு வந்தவள் அவள். அவ்வூர் மொழி அவளுக்கு அரைகுறையாகவே தெரியும். அவள் எங்கே செல்வாள்? காயத்திற்கு மருத்துவமனை, புகாருக்குக் காவல் நிலையம், வழக்கிற்கு வழக்கறிஞர், உறங்க ஓர் இடம் என வாயில்கள் பல. ஒவ்வொரு வாயிலிலும் தன் துன்பத்தை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, மனம் சோர்ந்து பாதி வழியில் வீடு திரும்புவோரும் உண்டு.

இக்குறையைக் களையவே, 2015 ஏப்ரல் முதல் நடுவண் அரசின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தோன்றின. சகி என்றால் தோழி. 181 என்னும் எண்ணை அழைப்போர்க்கு இம்மையத்தின் உதவி கிட்டும். மருத்துவம், காவல்துறை உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவை இங்கு இணைகின்றன. 5 நாள்கள் வரை தங்கலாம். பின்னர்த் தேவையெனில் வேறு காப்பகத்திற்கு அனுப்புவர்.

இவ்விணைப்பிற்குச் சட்டமும் துணைநிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கை ஒன்றை எழுதுகிறார். அது நீதித்துறை நடுவருக்குச் செல்கிறது. அதன் படிகள் காவல் நிலையத்திற்கும் அப்பகுதித் தொண்டு நிறுவனங்களுக்கும் செல்கின்றன. அவள் வாய் ஓய, தாள் நடக்கிறது! வழக்கிற்காகச் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதுமில்லை. தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலேயே மனு அளிக்கலாம். இலவசச் சட்ட உதவி பெற, வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் அனைவர்க்கும் உரிமை உண்டு.

எனினும் மொழி என்னும் தடை எஞ்சுகிறது. பள்ளியில் இந்தி கற்ற பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகிவிடும் குடும்பங்கள் பல. கடையிலும் வங்கியிலும் அது பெருமைக்குரியது. தந்தை தாயை அடித்ததைப் பிள்ளையின் வாயால் அலுவலரிடம் சொல்லவைப்பது வேறு. அச்சுமை பிள்ளைக்கு ஆகாது. தமிழறிந்த ஒருவரை வரவழைக்குமாறு தாய் கேட்பதே முறை.

அஞ்சிய பிள்ளை தனக்காகவும் உதவி கேட்கலாம். அதற்குரிய எண் 1098. அடுத்த வீட்டாரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. வன்முறை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு வராது.

அருஞ்சொற்பொருள்: நடுவண் – மத்திய; படி – நகல்; வாளாவிருத்தல் – பேசாதிருத்தல்.

வினா: 'அவள் வாய் ஓய, தாள் நடக்கிறது' – இத்தொடரை விளக்குக.